நடுவே ஒரு கோடு

நமது கல்லூரிகளில் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுக்கிற தலைப்புகளில் கணவன் மனைவி சண்டைக்கு என்று ஒரு தனி மவுசு உண்டு. ‘இன்னார் கதைகளிலும் இன்னார் கதைகளிலும் தாம்பத்திய முரண்பாடுகள் – ஓர் ஒப்பாய்வு’ என்று போட்டுவிட்டால் போதும். பரீட்சைக்கும் ஆயிற்று, பட்டத்துக்கும் ஆயிற்று, கருத்தரங்க மலருக்கும் ஆயிற்று. இவ்வளவு பேர் இவ்வளவு காலமாக எழுதியும், இந்த விஷயத்தைப் போல இத்தனை மோசமாக எழுதப்படுகிற விஷயம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

செய்முறை பரம ரகசியம் ஒன்றும் அல்ல. ஒரு தாளை எடுத்து நடுவே ஒரு கோடு போட வேண்டியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் ஒரு கதை. மேலே ‘ஒற்றுமைகள்’, கீழே ‘வேற்றுமைகள்’. அதற்கு முன்னால் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும். அப்புறம் ஆசிரியர்கள் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும். அப்புறம் கதைச் சுருக்கம். சுருக்கம் சில சமயம் கதையைவிட நீளமாக இருக்கும். பிறகு முரண்பாட்டின் வகைகள்: பொருளாதார முரண், பாலியல் முரண், தலைமுறை முரண், கருத்து முரண். ஊறுகாய் ஜாடிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி ஒட்டியாகிறது. கடைசியில், ‘இதனால் ஆணாதிக்கச் சமூகத்தில் பெண் ஒடுக்கப்படுகிறாள் என்பது புலனாகிறது’ என்று முத்தாய்ப்பு. புலனாவதற்குக் கதைகள் எதற்கு என்பதுதான் என் கேள்வி. கதையைப் படிப்பதற்கு முன்பே அந்த வாக்கியம் எழுதப்பட்டுவிட்டது. கதைகள் சாட்சிக்காரர்களாகப் பின்னால் அழைத்து வரப்பட்டன.

நான் சொல்ல வருவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தாள நண்பர்கள் சிலர், ‘ஆராய்ச்சிக்காரன் தொட்டால் கதை செத்துவிடும்’ என்று ஒரு சோக கீதம் பாடுவார்கள். அந்தக் கச்சேரியில் நான் பக்கவாத்தியம் வாசிக்கத் தயாராக இல்லை. தொட்டால் சாகிற கதை சாகட்டும். அது உயிரோடு இருந்ததே சந்தேகம். ஒப்பிடுவதும் பாவம் அல்ல. கத்தரிக்காய் வாங்கப் போகிற அம்மாள்கூட இரண்டு கடை பார்த்துத்தான் வாங்குகிறாள். ஆனால் அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ‘இரண்டும் காய், இரண்டும் ஊதா, ஒன்று பெரிது, ஒன்று சிறிது’ என்று எழுதி வைத்துக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. நமது ஒப்பாய்வுகள் அப்படித்தான் திரும்புகின்றன.

வெறுமனே திட்டிக்கொண்டு போவது நியாயம் அல்ல. இரண்டு கதைகளை எடுத்துக்கொண்டே பார்ப்போம்.

ஒன்று, கேட் ஷோப்பன் என்ற அமெரிக்க அம்மாள் 1894-ஆம் வருஷத்தில் எழுதிய ‘ஒரு மணி நேரத்தின் கதை’. ஆயிரம் சொல்தான் இருக்கும். உலகமெங்கும் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் கணவன் மனைவி முரண்பாட்டுக்கு உதாரணமாகக் காட்டப்படுகிற கதை இது. மற்றது நமது கு.ப.ராஜகோபாலனின் ‘விடியுமா?’. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் ஆச்சரியப்படாமல் இருக்க முடியாது. அங்கேயும் ஒரு தந்தி, இங்கேயும் ஒரு தந்தி. அங்கே ரயில் விபத்தில் கணவன் இறந்ததாகச் செய்தி. இங்கே கணவன் ஆபத்தான நிலையில் கிடக்கிறான் என்ற செய்தி கேட்டு, சென்னைக்கு ரயிலில் ஓர் இரவுப் பயணம். அங்கே மனைவியின் துக்கத்துக்குள்ளிருந்து ஒரு விடுதலை உணர்ச்சி கிளம்புகிறது. இங்கே பொழுது விடிந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, திகில் தீர்ந்த ஓர் அமைதி. கோடு போடுகிறவனுக்கு இதைவிடக் கொள்ளை கிடைக்காது. தந்தி ஒன்று, ரயில் இரண்டு, சாவு மூன்று, நிம்மதி நான்கு என்று ஒற்றுமைகளை அடுக்கிவிடுவான். வேற்றுமைகளுக்கு, ‘அது மேல்நாட்டுப் பண்பாடு, இது கீழ்நாட்டுப் பண்பாடு’ என்று இருக்கவே இருக்கிறது.

ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணில் படுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. அது இந்த ஜாபிதாவில் எங்கேயும் வராது. ஷோப்பனின் திருமதி மல்லார்ட் செய்தி கேட்டு அழுது முடித்ததும், மாடியில் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எதிரே திறந்த ஜன்னல். வெளியே வசந்த காலம், கூரையில் சிட்டுக்குருவிகள், தெருவில் எவனோ சாமான் கூவி விற்கிறான். அவளுக்கு உள்ளே கிளம்புகிற உணர்ச்சிக்கு அவளே பெயர் வைக்கும் வரைக்கும் அவளை யாரும் தொந்தரவு செய்வதில்லை. தங்கை கதவுக்கு வெளியே மண்டியிட்டுச் சாவித் துவாரத்தின் வழியாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். கு.ப.ரா.வின் பெண்ணுக்கு அப்படி ஓர் அறை கிடையாது, கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. ராத்திரி முழுவதும் ரயில் பெட்டியில் நாலு பேர் மத்தியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் உடன்பிறந்தவன். கதையைச் சொல்லுகிறவனும் அவன்தான். அவள் மனசில் என்ன நடக்கிறது என்பதை அவன் அவள் முகத்தைப் பார்த்து ஊகிக்கிறான். அவன் ஊகிப்பதை நாம் ஊகிக்கிறோம். தன் உணர்ச்சிக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளத் தனிமை வேண்டும். அந்தத் தனிமை ஒருத்திக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. இன்னொருத்திக்கு ஓர் இரவு முழுவதும் கிடைக்கவில்லை. இதைப் பண்பாட்டு வேற்றுமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதைவிடச் சுருக்கமாக, வீட்டில் கதவு யார் வசம் இருக்கிறது என்ற கேள்வி என்று சொல்லலாம். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு கட்டுரையை ஆரம்பித்துப் பாருங்கள். இரண்டு கதைகளும் ஒன்றையொன்று பேச வைக்கும்.

இன்னொன்று. மல்லார்ட் கொடுமைக்காரக் கணவன் என்று பத்துக் கட்டுரைகளில் ஒன்பது கட்டுரை எழுதுகிறது. கதையிலே அப்படி ஒரு வரி கிடையாது. அவன் அவளை அன்போடு தவிர வேறு விதமாகப் பார்த்ததே இல்லை என்று கதை தெளிவாகவே சொல்லுகிறது. அவளும் சில சமயம் அவனை நேசித்திருக்கிறாள், பல சமயம் நேசித்ததில்லை. கதையின் பயங்கரமே அங்கேதான் இருக்கிறது. கொடுமைக்காரனிடமிருந்து விடுதலை கிடைத்தால் சந்தோஷப்படுவது யாருக்கும் புரியும்; அன்பானவனிடமிருந்து விடுதலை கிடைத்தும் ஒருத்தி சந்தோஷப்பட்டால், அன்பு என்று நாம் வழங்கிக்கொண்டிருக்கிற சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராய வேண்டியதாகிறது. நமது கட்டுரையாளர் அந்த ஆராய்ச்சிக்குத் தயாராக இல்லை. ஆகவே, பாவம், மல்லார்டுக்கு ஒரு மீசையை ஒட்டி வில்லனாக்கிவிடுகிறார்.

கதையின் முடிவு இன்னும் விசேஷம். செத்ததாகச் சொல்லப்பட்டவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான். அவன் விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. இரண்டாவது தந்தி வேறு வந்து ஊர்ஜிதம் செய்த செய்தி அது! அவனைக் கண்ட மாத்திரத்தில் அவள் விழுந்து இறக்கிறாள். வைத்தியர்கள் வந்து, சந்தோஷ அதிர்ச்சியில் இருதயம் நின்றுவிட்டது என்கிறார்கள். அந்த வீட்டில் அவளைப் பற்றி எல்லோரும் நிச்சயமாகப் பேசுகிறார்கள், எல்லோரும் தப்பு. தந்தி தப்பு, தங்கை தப்பு, வைத்தியர் தப்பு. ஒரு மனைவியின் மனசைப் பற்றி நிச்சயமாகப் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற கதை இது. அந்தக் கதையைப் பற்றியே, ‘அவள் இன்னதனால்தான் இறந்தாள் என்பது புலனாகிறது’ என்று ஒருவர் எழுதினால், அவர் யாரோடு போய் நிற்கிறார்? கடைசி வரியில் வருகிற வைத்தியர்களோடுதான்.

இப்போது கு.ப.ரா.வின் ‘சிறிது வெளிச்சம்’ கதைக்கு வருகிறேன். புருஷனிடம் அடிபடுகிற சாவித்திரி. அதே வீட்டில் குடியிருந்து, ஒரு ராத்திரி பொறுக்க முடியாமல் குறுக்கே போகிற கதைசொல்லி. இந்தக் கதையை வைத்துக்கொண்டு, ‘சாவித்திரி ஏன் அவனை விட்டு விலகவில்லை? ஆசிரியர் ஏன் அவளுக்குப் புரட்சிகரமான முடிவு தரவில்லை?’ என்று கேட்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. கேட்கிறவர்கள் ஒரு பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். கு.ப.ரா. 1944-இல் காலமானார். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்து வழங்கிய சட்டம் 1949-இல் வந்தது. நாடு தழுவிய இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. அந்தச் சட்டத்தில்கூடக் கொடுமை என்பது பிரிந்து வாழ்வதற்குத்தான் காரணமாக இருந்ததே ஒழிய, விவாகரத்துக்குக் காரணமாக 1976-ஆம் வருஷத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. மனைவியைக் கொடுமைப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கிய பிரிவு 1983-இல். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல். அறுத்துக் கட்டுகிற வழக்கம் உள்ள ஜாதிகள் தமிழ்நாட்டில் உண்டு. சாவித்திரி பிறந்த ஜாதியில் அது கிடையாது. இத்தனை கதவுகளும் சாத்திக் கிடந்த காலத்துப் பெண்ணைப் பார்த்து, ‘ஏனம்மா வெளியே வரவில்லை?’ என்று கேட்பது ஆராய்ச்சியா?

அதே சமயம் அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1888-இல் கணவனை விட்டுப் பிரிந்து, 1894-இல் விவாகரத்தும் பெற்றுவிட்டார். ஷோப்பன் கதை வெளிவந்த அதே வருஷம். அங்கே ஒரு கதவு சட்டப்படி திறந்திருந்தது. ஊர் தூற்றியது என்பது வேறு விஷயம். திறக்கக்கூடிய கதவு உள்ள வீட்டில் நடக்கிற சண்டையும், சுவரே கதவாக இருக்கிற வீட்டில் நடக்கிற சண்டையும் ஒரே சண்டை ஆகாது. இரண்டு கதைகளை ஒப்பிடுகிறவன் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். நமது கட்டுரைகளில் ஆசிரியர் பிறந்த வருஷம் இருக்கிறது. அவர் எழுதிய பெண்ணுக்கு அந்த வருஷம் என்ன பாத்தியதை இருந்தது என்பது இல்லை.

இதைச் சொல்லுகிறபோது என்னுடைய முக்கியமான புகாரும் வந்துவிடுகிறது. கோர்ட்டில் ஒரு தாம்பத்தியத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். இருபது வருஷ வாழ்க்கையைக் கொண்டுபோய்ப் பதின்மூன்றாம் பிரிவுக்குள் நுழைக்க வேண்டும். கொடுமை உண்டா? எழுது. இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் கைவிட்டுப் போனாளா, போனானா? எழுது. வேறு தொடர்பு உண்டா? எழுது. அவன் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை வைக்கிற தினுசில் பதினைந்து வருஷமாக ஓர் அவமானம் இருந்தது என்று எழுதினால் எந்த வக்கீலும் ஒப்புக்கொள்ள மாட்டார். சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டத்துக்குப் பெட்டிகள் வேண்டும், பெட்டி இல்லாமல் தீர்ப்பு இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் அடங்காமல் வெளியே சிந்திப்போகிறதே, அதை அள்ளி வைக்கத்தான் மனுஷன் கதை என்ற ஒன்றைக் கண்டுபிடித்தான். சாவித்திரி நள்ளிரவில் அடியைப் பற்றி மட்டுமா பேசுகிறாள்? ஆண் பெண்ணிடம் வைக்கிற ஆசை எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறவனும் ஆண்தான், தடுக்கப் போன தர்மவானையும் அந்தப் பேச்சு சும்மா விடவில்லை. இதை எந்தப் பிரிவின் கீழ் மனுப் போடுவது? கதை அள்ளி வைத்ததை மறுபடியும் பெட்டிகளில் கொட்டி, பொருளாதார முரண், பாலியல் முரண் என்று சீட்டு ஒட்டுகிற கட்டுரை, கதையை மறுபடியும் மனுவாக மாற்றிக் கொடுக்கிறது. அதற்குப் பட்டமும் தருகிறோம்.

பெட்டியில் அடங்குகிற சண்டைதான் சண்டை என்று வைத்துக்கொண்டதால் இன்னொரு நஷ்டமும் ஏற்படுகிறது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ இந்தத் தலைப்புக்குள் வருவதே இல்லை. ‘அதில் முரண்பாடு இல்லையே!’ என்கிறார்கள். ஜவுளிக் கடையில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கிற பிரமநாயகம் பிள்ளை, பட்டணத்தில் சொந்தம் பந்தம் இல்லாத வீடு, படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனைவி. கடையைக் கட்டிவிட்டு வந்து அவர்தான் அடுப்பு மூட்டுகிறார், கஷாயம் போடுகிறார். தீபாவளிக்குப் புடவை கொண்டுவந்து காட்டுகிறார். சண்டை கிடையாது, ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நோயும், ஒரு சம்பளமும், ஊருக்குப் போக முடியாத தூரமும் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தக் கதையைக் கில்மனின் ‘மஞ்சள் சுவர்க் காகித’த்துக்குப் பக்கத்தில் வையுங்கள். 1892 ஜனவரியில் வெளிவந்த கதை அது. அங்கேயும் நோயாளி மனைவி, கவனித்துக்கொள்கிற கணவன். அவன் வைத்தியன் வேறு. ஓய்வு எடு என்கிறான், எழுதாதே என்கிறான், யோசிக்காதே என்கிறான். கம்பி போட்ட ஜன்னல் உள்ள மாடி அறையில் வைக்கிறான். எல்லாம் அவள் நன்மைக்காக. அவள் சுவரில் ஒட்டிய காகிதத்துக்குள்ளே ஒரு பெண் அடைபட்டிருப்பதைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். கில்மனே 1887-இல் வெயர் மிட்செல் என்ற பிரபல வைத்தியரிடம் அந்த ‘ஓய்வுச் சிகிச்சை’யை அனுபவித்தவர். அறிவு எல்லாம் தன்னிடம் இருக்கிறது என்று நம்புகிற கணவன் ஒருவன். வைத்தியம் ஒன்றும் தெரியாமல் கஷாயம் காய்ச்சுகிற கணவன் ஒருவன். ஒருவனுடைய பரிவு உத்தரவாக வருகிறது. மற்றவருடைய பரிவு உடம்புழைப்பாக வருகிறது. ஒருத்திக்குப் பைத்தியம் பிடிக்கிறது. மற்றவள் செத்துப் போகிறாள். ஆகவே பரிவு மட்டும் யாரையும் காப்பாற்றிவிடவில்லை என்பதும் நிஜம். வறுமை செய்கிற வேலை எது, அதிகாரம் செய்கிற வேலை எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்குமா? ஆனால் ‘முரண்பாடு’ என்ற சீட்டு ஒட்டாத காரணத்தால் பிரமநாயகம் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு ஜோடி. இது ஒரே ஆசிரியருடையது. புதுமைப்பித்தன் அகலிகையை இரண்டு தடவை எழுதினார். 1934-இல் எழுதிய ‘அகல்யை’யில் கௌதமன் சபிக்கவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்கிறான், தூய்மை மனசில் இருக்கிறது என்கிறான். அந்த வாலிப ஆசிரியருக்கு அது போதுமானதாக இருந்தது. 1943-இல் ‘சாப விமோசனம்’. இதிலே கல் பெண்ணாகிற கட்டத்தோடு கதை தொடங்குகிறது. மன்னிப்பு கிடைத்தாயிற்று; அப்புறம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்ய வேண்டாமா? யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஓர் உள்ளர்த்தம் இருக்குமோ என்று அவள் நடுங்குகிறாள். கௌதமன் நல்லவன், அவளும் நல்லவள், இரண்டு நல்லவர்களுக்கு நடுவே ஒரு பழைய சம்பவம் மூன்றாவது ஆளாகக் குடியிருக்கிறது. பிறகு சீதை வந்து, தான் நெருப்பில் இறங்கிய சேதியைச் சாதாரணமாகச் சொல்லுகிறாள். தன்னை மீட்டவனே தன் மனைவியிடம் நிரூபணம் கேட்டான் என்றால், அகலிகைக்கு எதிலே நம்பிக்கை மிஞ்சும்? அவள் மறுபடியும் கல்லாகிறாள். இந்தத் தடவை சபிக்க ஒருவரும் இல்லை.

ஒரே ஆசிரியர், ஒரே பெண், நடுவே ஒன்பது வருஷம். மன்னிப்பு என்பது முடிவா, ஆரம்பமா என்பதில் ஒரு கலைஞன் தன்னோடு தானே போட்ட சண்டை அது. நமது கட்டுரைகளில் இது ‘புராண மறுவாசிப்பு’ என்ற தலைப்புக்குக் கீழே போய்விடுகிறது. தாம்பத்தியம் என்ற தலைப்புக்கு வருவதில்லை. கௌதமன் ரிஷி அல்லவா, ரிஷிக்குக் குடும்பத் தகராறு ஏது என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலும்!

‘பட்டம் வாங்காத கதைக்காரனுக்கு ஆராய்ச்சி நெறிமுறையில் என்ன வேலை?’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நாற்காலி செய்யத் தெரியாதவனும் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கால் ஆடுகிறது என்று சொல்லலாம். இந்த விவகாரத்தில் நாற்காலி செய்கிறவனும் நான்தான். கால் எங்கே உடைக்கப்படுகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

‘அப்படியானால் பெண்ணிய விமரிசனமே வேண்டாம் என்கிறீரா?’ என்பது அடுத்த கேள்வி. இல்லை ஐயா. ஷோப்பனையும் கில்மனையும் நாம் இன்று படிக்கிறோம் என்றால் அந்த விமரிசகர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1899-இல் ஷோப்பனின் ‘விழிப்பு’ நாவலைப் பத்திரிகைகள் வைது தீர்த்தன. அதற்குப் பிறகு அவர் வெகு காலம் மறக்கப்பட்டிருந்தார். அவருடைய எழுத்து முழுவதும் தொகுக்கப்பட்டு 1969-இல் வெளிவந்தது. ‘மஞ்சள் சுவர்க் காகிதம்’ 1973-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணியப் பதிப்பகத்தின் வெளியீடாகத் தனிப் புத்தகமாக வந்த பிறகுதான் வகுப்பறைகளுக்குள் நுழைந்தது. அந்த விமரிசகர்கள் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குள் தூசி குடித்துத் தேடினார்கள், வரிவரியாகப் படித்தார்கள், படித்த பிறகு தீர்ப்புச் சொன்னார்கள். நாம் அவர்களுடைய உழைப்பை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். ஆணாதிக்கம் என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அது நிஜம். நிஜமாக இருப்பதனாலேயே அதை ரப்பர் முத்திரையாக்கிக் குத்திக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட வீட்டில், குறிப்பிட்ட ராத்திரியில், குறிப்பிட்ட இரண்டு பேருக்கு நடுவே அது எந்த உருவத்தில் வந்து உட்கார்ந்தது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவதுதான் கஷ்டம். அதைத்தான் கதை செய்திருக்கிறது.

ஆசிரியர்களுடைய கஷ்டமும் எனக்குத் தெரியாததல்ல. கட்டுக் கட்டாக விடைத்தாள்; தலைப்புக்கு இத்தனை மார்க், உட்தலைப்புக்கு இத்தனை மார்க் என்று திட்டம்; வருஷத்துக்கு இத்தனை கட்டுரை பிரசுரம் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி. இதற்கெல்லாம் கோடு போட்ட தாள் சௌகரியம். ஆனால் சௌகரியத்துக்கும் ஓர் எல்லை வந்துவிட்டது. இப்போது இரண்டு கதைகளின் பெயரைச் சொல்லி, தாம்பத்திய முரண்பாட்டை ஒப்பிடு என்றால், யந்திரமே ஒரு நிமிஷத்தில் கட்டுரையைக் கொட்டிவிடுகிறது. ஒற்றுமை ஐந்து, வேற்றுமை ஐந்து, முடிவுரை ஒன்று. எழுத்துப் பிழைகூட நம்மைவிடக் குறைவு. ‘மாணவர்கள் ஏமாற்றுகிறார்களே’ என்று பேராசிரியர்கள் அலறுகிறார்கள். நான் வேறு மாதிரி கேட்கிறேன்: யந்திரம் செய்துவிடக்கூடிய வேலையை இத்தனை காலமாக மனுஷப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுத்துக்கொண்டிருந்தோம்?

அந்தப் பிள்ளைகள் யார் என்று நினைத்துப் பாருங்கள். இலக்கிய வகுப்புகளில் இன்று பெண் பிள்ளைகள் நிறைய. வீட்டிலே சோற்றுத் தட்டு சுவரில் மோதி விழுந்ததைப் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதக் கணக்கில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத வீட்டில் தூது போன பிள்ளைகள் இருக்கிறார்கள். படிப்பு முடிவதற்குள் ஜாதகம் கிளம்பிவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு பாடத்திட்டக் குழுவுக்குத் தெரியாது. ‘சிறிது வெளிச்சம்’ படிக்கிறபோது அந்தப் பெண்ணுக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று சுரீர் என்கிறது. அதை எழுத இடம் எங்கே? ‘இக்கதையின்கண் காணலாகும் முரண்கள் நான்கு வகைப்படும்’ என்று எழுதினால்தான் மார்க். தான் அறிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, அறியாததை நிச்சயமாகச் சொல்லும் பயிற்சியை நாம் அவளுக்கு மூன்று வருஷம், ஐந்து வருஷம் கொடுக்கிறோம். நாளைக்கு அவள் ஆசிரியையாகலாம், வக்கீலாகலாம், மகளிர் காவல் நிலையத்தில் உட்காரலாம், சமரசம் பேசுகிற மத்தியஸ்தராகலாம். எதிரே ஒருத்தி வந்து நின்று சொல்ல முடியாமல் தவிக்கிறபோது, இவள் எந்தப் பெட்டியைத் திறப்பாள்? கதையைப் பெட்டியில் போட்டுப் பழகிய கை மனுஷியையும் பெட்டியில்தான் போடும்.

ஆகவே கட்டுரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு மாதிரி எழுதச் சொல்லுங்கள். கோடு போடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டு ஆரம்பிக்கட்டும்: இந்தச் சண்டையை நமக்குச் சொல்லுகிறவர் யார், அவர் அந்த வீட்டில் எங்கே நின்றுகொண்டிருக்கிறார்? அண்ணன் தம்பியா, குடியிருப்பவரா, மனைவியேதானா? கில்மன் கதையில் அந்த வைத்தியனை நாம் மனைவி ரகசியமாக எழுதுகிற குறிப்புகள் வழியாக மட்டுமே பார்க்கிறோம். அவன் சொல்ல நினைத்ததை யாரும் எழுதவில்லை. அடுத்தபடியாக, எந்தப் பாத்திரத்தைப் பிடிக்கவில்லையோ அதற்காக வக்காலத்து வாங்கி, மனசாட்சியோடு ஒரு பக்கம் எழுதட்டும். எழுத முடியாவிட்டால் கதையை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். கதை நடக்கிற வருஷத்தில் அந்த மனைவிக்குச் சட்டம் என்ன கொடுத்தது, கையில் காசு இருந்ததா, பிறந்த வீட்டுக் கதவு திறக்குமா என்று விசாரிக்கட்டும். கடைசியாக, தன் முடிவுக்கு ஒத்துவராத ஒரு வரியைக் கதையிலிருந்து எடுத்து, அதை மறைக்காமல் கட்டுரையில் வைக்கட்டும். மல்லார்டின் அன்பைப் போல ஒரு வரி எந்த நல்ல கதையிலும் இருக்கும். அந்த வரியோடு மல்லுக்கு நின்று எழுதிய பத்துப் பக்கம், புலனாகிற நூறு பக்கத்துக்கு மேல்.

இப்படி எழுதினால் மார்க் போடுவது சிரமம்தான். ஒரே தலைப்புக்கு நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாக எழுதிவிடுவார்கள். ‘இதனால் புலனாகிறது’ என்பதற்குப் பதிலாகச் சில தாள்களில், ‘இதற்கு மேல் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை’ என்று முடிந்திருக்கும். ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் பற்றி அந்த வாக்கியத்தை எழுதத் துணிந்த பிள்ளைக்கு முதல் மார்க் போடுகிற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தால் போதும். கதை எழுதுகிறவர்கள் அவரை நம்பி எழுதுவோம்.